எந்தக் கால் என்று நீ எழுதவில்லை

மேலப்பட்டி,
ஆலங்குடி தாலுகா,
22-10-1961

சிரஞ்சீவி நாகராசுவுக்கு ஆத்தா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அப்பாவும் உன் தங்கை பொன்னுத்தாயும் உயிரோடு இருக்கிறோம். பினாங்கில் நீ சௌக்கியமாக இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை, உன் மேலே ஒரு கீறல்கூட விழவில்லை என்று சித்திரை மாதக் கடிதத்தில் நீயே எழுதியிருந்தாய். எப்போதும் உன் அப்பா எழுதுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து அதை எழுதுங்கள் இதை எழுதுங்கள் என்று அவர் உயிரை வாங்குவேன். இந்தத் தடவை பேனாவைத் தொடமாட்டேன் என்றுவிட்டார். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை எழுதுகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நாங்களும் உன் பிழையைத்தான் இத்தனை மாதமாகச் சுமந்து திரிந்திருக்கிறோம்.

கடலை பிடுங்கியாயிற்று. பிடுங்குகிற நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது, பாதி மண்ணுக்குள்ளேயே முளைத்துவிட்டது. செவலை மாடு கன்று போட்டிருக்கிறது. இலுப்பூர்ச் சின்னம்மாவுக்குக் கண் பார்வை குறைந்துகொண்டே வருகிறதாம், உன்னைத்தான் விசாரித்தாளாம். கடிதம் என்றால் இதெல்லாம் எழுத வேண்டுமே என்று எழுதுகிறேன், மனசு இதில் எதிலும் இல்லை.

சிவசாமி ஊர் வந்து சேர்ந்துவிட்டான். நீயும் அவனும் ஒரே கப்பலில் ஏறிப் போனீர்கள், நாகப்பட்டினத்தில் உன் அத்தை மூக்காயியும் நானும் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து அழுதோம். அன்றைக்குத் தாவி ஏறினவனை இப்போது இரண்டு பேர் தூக்கி இறக்கினார்களாம். மூக்காயி உன் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை, அவள் மகனுக்குத்தான் பொன்னுத்தாய் என்று சின்னதிலிருந்தே பேச்சு, நீங்கள் கப்பல் ஏறுவதற்கு முன்னாலேயே பரிசமும் போட்டாயிற்று. இதெல்லாம் உனக்குத் தெரியாததா என்று கேட்பாய். மறந்துபோய்த்தான் அப்படிச் செய்தாய் என்று நினைத்துக்கொண்டால் பெற்ற வயிற்றுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

அந்தச் சித்திரை மாதக் கடிதம் எனக்கு வரிக்கு வரி மனப்பாடம். நாலு ரோடு கூடுகிற இடத்தில் நடுவே வட்டமாக ஒரு திட்டு, அதற்கு ரவுண்டானா என்று பேர், வண்டிகளெல்லாம் திட்டை வலப்பக்கம் வைத்துக்கொண்டு சுற்ற வேண்டும். அடுத்த ரோட்டிலேயே வெளியே போகிறவன் இடது ஓரத்து வரிசையில் வர வேண்டும், சுற்றிப் போகிறவன் திட்டை ஒட்டி உள்வரிசையில் வர வேண்டும், வெளியேறுகிற இடம் வந்தால் இடது பக்கத்து விளக்கை மினுக்கிக் காட்டி, ஓரத்தில் யாரும் வருகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்று பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி விளக்கி, படமும் போட்டிருந்தாய். நான் ஓரத்து வரிசையில்தான் வேனை ஓட்டி வந்தேன், விளக்கும் போட்டேன், சிவசாமி மோட்டார் சைக்கிளில் உள்வரிசையில் வந்தவன் விளக்கும் போடாமல் கையும் காட்டாமல் எனக்குக் குறுக்கே இடது பக்கம் வெட்டினான், வேனில் அடிபட்டு விழுந்தான், ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டார்கள், போலீஸும் தப்பு அவன் பேரில்தான் என்று எழுதிக்கொண்டது, நல்லவேளை என் லைசென்ஸ் தப்பித்தது என்று முடித்திருந்தாய். மச்சானுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று ஒரு வார்த்தை அதில் இல்லை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா. அந்தக் கடிதத்தை இடுப்பில் சொருகிக்கொண்டு ஊருணிக்குப் போய், தண்ணீர் எடுக்க வந்தவளுக்கெல்லாம் படத்தைக் காட்டினேன். அட, நம்ம சாமியச் சுத்துற மாதிரியில்ல இருக்கு, வலம் வர்றதுக்கு ஒரு லைசென்சா என்று சிரித்தார்கள். அதைக்கூடச் சரியாகச் செய்யத் தெரியாமல் என் பிள்ளையைக் கொலைகாரன் ஆக்கப் பார்த்தானே என்று நான் கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். எங்கே பார்த்து வண்டி ஓட்டினானோ, இப்படிப்பட்டவனை நம்பிப் பெண்ணைக் கொடுப்பதா என்று எனக்கும் உன் அப்பாவுக்கும் தோன்றிவிட்டது. பரிசச் சேலையைத் தட்டில் வைத்துத் திருப்பிக் கொண்டுபோனோம். மூக்காயி தட்டை வாங்கிக்கொண்டு, மதினி, கால் போனதுக்காகத் திருப்பிக் குடுக்குறதுன்னா குடுங்க, எம்மகன் தப்புப் பண்ணிட்டான்னு சொல்லி மட்டும் குடுக்காதீங்க என்றாள். நான் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன், அதை இங்கே எழுத என் கை கூசுகிறது. பொன்னுத்தாய் அன்றைக்கு அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

புரட்டாசியில் அவன் வந்து இறங்கினான். வந்த மறுநாளே கக்கத்தில் இரண்டு கட்டைகளை ஊன்றிக்கொண்டு நேரே நம் வாசலுக்கு வந்து நின்றான். உட்காரச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. அத்தை, ஓரத்து வரிசையில வந்தது நான், உள்ள இருந்து வெளக்கும் போடாம இங்கிட்டு வெட்டுனது ஒங்க மகன், நான் நெனவு தெளிஞ்சு கண்ணு முழிக்கிறதுக்குள்ள போலீஸ்ல மாத்திச் சொல்லிப்புட்டான் என்று தெருவே கேட்கச் சொன்னான். கால் போன ஆத்திரத்துல எம்புள்ள மேல பழி போடுறியாடா என்று நான் பாய்ந்தேன். உன் அப்பா, அந்த மனுஷர் வாய் திறந்து ஒருத்தரை வைது நீ பார்த்திருக்கிறாயா, அவர் அவனைப் பொய்யன் என்றார். அவனுக்கும் கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. அப்ப வாங்க மாமா, அய்யனார் வாசல்ல சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க, ஒங்க மகன் வெளக்குப் போட்டான், ஓரத்துல வந்தான்னு, நீங்க அணைச்சுட்டா நான் வாயத் தொறக்கல என்றான். உன் அப்பா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. வர்ற வெள்ளிக்கிழமை வாரேன்டா என்றார். உன்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை, கேட்டுக்கொள்.

போன வெள்ளிக்கிழமை ஊரே கோயில் வாசலில் கூடிவிட்டது. பூசாரி தட்டில் சூடத்தை ஏற்றிவிட்டார். உன் அப்பா குளித்து ஈர வேட்டியோடு வந்து கையை நீட்டப் போகிறார், ஊர்ப் பெரியவர் அம்பலம் சோலையப்பன் தடுத்து, பொறுங்க, சத்தியம் எங்கிட்டும் ஓடிறாது, நடந்தது எப்படின்னு ஒருதரம் கண்ணால பாத்துருவோம் என்றார். உன் படத்தை வாங்கிப் பார்த்து, பலிபீடத்தைச் சுற்றித் திருநீற்றால் உள்ளே ஒரு வட்டம் வெளியே ஒரு வட்டம் போட்டார்கள். அதற்குள் ஒரே ரகளை. சாமியச் சுத்துறவன் எவன்யா வெளக்கக் காட்டிட்டு வெளிய போறான் என்று ஒருத்தர், எந்தப் பக்கமும் வெளியே போகலாம் என்றால் அது என்ன சுத்து என்று இன்னொருத்தர். சிவசாமி அவனாகவே நடக்க வேண்டும், உன் இடத்தில் உன் அப்பா. விளக்குக்குப் பதிலாகத் துண்டை இடது கையில் பிடித்து ஆட்டச் சொன்னார்கள். அப்போதுகூட நான் பெருமையாகத்தான் நின்றுகொண்டிருந்தேன்.

முதலில் நீ எழுதினபடி. உன் அப்பா துண்டை ஆட்டிக்கொண்டு வெளி வட்டத்தில் வந்தார். சிவசாமி கட்டை ஊன்றி உள் வட்டத்தில் வந்து, அவருக்குக் குறுக்கே இடது பக்கம் திரும்பினான். உன் அப்பாவின் நெஞ்சு அவனுடைய இடது பக்கத்தில் போய் முட்டியது. அந்தப் பக்கம் அவனுக்குக் கால் முழுசாக இருந்தது. வலது பக்கம்தான் வேட்டியை மடித்துச் சொருகியிருந்தான். இப்போது அவன் சொன்னபடி நடங்கள் என்றார் அம்பலம். சிவசாமி வெளி வட்டத்தில் வந்தான், உன் அப்பா உள் வட்டத்திலிருந்து துண்டை ஆட்டாமல் இடது பக்கம் திரும்பினார். நேரே அவன் வலது பக்கத்தில், கால் இல்லாத அந்தப் பக்கத்தில் போய் இடித்தார். கட்டை நழுவி அவன் சாய்ந்தான், உன் அப்பா இரண்டு கையாலும் அவனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். பிடித்தவர் விடவே இல்லை. அவன் தோளில் தலையை வைத்துக்கொண்டு அந்த மனுஷர் அழுததை ஊர் பார்த்தது. சூடம் யாரும் தொடாமல் தானாக எரிந்து அடங்கியது.

எந்தக் கால் என்று நீ எழுதவே இல்லையே நாகராசு. கால் போனது என்று எழுதினவனுக்கு, வலது கால் என்று எழுத ஒரு சொட்டு மை இல்லாமல் போயிற்றா. அவன் வாசலில் வந்து நின்ற அன்று நானும்தான் பார்த்தேன், என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ. அவசரத்தில் விளக்குப் போட மறந்திருப்பாய், திரும்ப வேண்டிய ரோடு தாண்டிவிடப் போகிறதே என்று பதறிப்போய் வெட்டியிருப்பாய், அதை நான் மன்னிக்கமாட்டேனா. விழுந்து கிடந்தவனைப் பார்த்த பிறகு, அவன் வாய் திறக்க முடியாமல் கிடக்கிற நேரத்தில், நாக்கூசாமல் மாற்றிச் சொன்னாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. வேனில் சாய்ந்துகொண்டு கறுப்புக் கண்ணாடி போட்டு ஒரு போட்டோ அனுப்பியிருந்தாய் அல்லவா, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த அதை உன் அப்பா கழற்றிப் பெட்டிக்குள் கவிழ்த்து வைத்துவிட்டார். உன் பேரைச் சொன்னால் எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுகிறார்.

நான் மூக்காயி வீட்டுக்கு வெற்றிலைத் தட்டோடு போனேன். எந்த மூஞ்சியோடு போனேன் என்று கேட்காதே. அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை, பாய் எடுத்துப் போட்டாள். சிவசாமிதான் பேசினான். அத்தை, நாகராசு தன் கைப்பட அந்த ஊரு போலீசுக்கு எழுதட்டும், தப்பு என்னுதுன்னு, என்னைய வேலைய விட்டு அனுப்புன மொதலாளிக்கும் எழுதட்டும், அதுக்குப் பெறகு பொன்னுத்தாயப் பத்திப் பேசுவோம், இப்பக் கூட்டிக்கிட்டு வந்தா அவன் மேல இருக்குற கோவமெல்லாம் ஆயுசுக்கும் அவ தலையிலதான் விடியும், அது வேணாம் என்றான். ஒளித்துப் பேசாத பிள்ளை. தட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து பொன்னுத்தாயிடம் சொன்னேன். பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை, அண்ணன் எழுதாது என்றாள். ஏண்டி இப்படி வாயை வைக்கிறாய் என்று கத்தினேன். நம்ம ஆடு அவுங்க கடலையில மேஞ்சப்ப, கயித்த அவுத்துவிட்டது சிவசாமிதான்னு அண்ணன் சொல்லி, அவருதானே அடி வாங்குனாரு, மறந்துட்டியா ஆத்தா என்றாள். நான் மறக்கவில்லை. அன்றைக்கு என் பிள்ளை எவ்வளவு சமர்த்து என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள் நான்தான். இருந்தும் இல்லையடி, இந்தத் தடவை எழுதுவான், நீ வேண்டுமானால் பார் என்று அவளோடு மல்லுக்கு நின்றேன். நின்றுகொண்டிருக்கும்போதே தெரிந்தது, மறுபடியும் உனக்குப் பரிந்துதான் பேசிக்கொண்டிருக்கிறேன். அவள் எழுந்து போய்விட்டாள். அவளுக்கு வேறு இடம் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, நெடுக இப்படியே இருந்துக்கிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறாள். அவள் பிடிவாதம் உனக்குத் தெரியும்.

இப்போது உன் அப்பா அம்பலத்திடம் போய் ஒன்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். தை முதல் வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பாராம். அதற்குள் நீ போலீசுக்கு எழுதினாய் என்று சேதி வரவில்லை என்றால், அதே வாசலில் அவரே சூடத்தை அணைத்து, தப்பு என் மகன் மேல்தான் என்று சத்தியம் செய்வாராம், அதை அம்பலம் எழுதி, ஊர்க்காரர்கள் கையெழுத்தோடு பினாங்குக்கு அனுப்புவாராம். அந்த ஊர்ப் போலீசுக்கு நம்ம அய்யனாரைத் தெரியுமா என்று கேட்டேன். எனக்குத் தெரியும் என்றார். நானும் கூட வருகிறேன் என்று சொன்னேன்.

லைசென்ஸ் போய்விடுமே, வேலை போய்விடுமே என்று பயப்படுவாய். போனால் போகட்டும், ஊருக்கு வா, கடலைக்காட்டில் வேலைக்கா பஞ்சம், கஞ்சி ஊற்ற எனக்குத் தெம்பு இருக்கிறது. அதுவரைக்கும் வண்டியில் ஏறினால் அந்த ரவுண்டானாவில் விளக்கைப் போடு, இடது பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு வெளியே போ, ஓரத்தில் வருகிறவனையும் ஒருத்தி பெற்றுத்தான் அனுப்பியிருக்கிறாள். வேளைக்குச் சாப்பிடு, மழையில் நனைந்தால் உனக்குச் சளி பிடிக்கும். உன் கை கால் ஒரு குறையும் இல்லாமல் நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும், எவ்வளவு வயிறு எரிந்தாலும் உன்னை வேறு மாதிரி வாழ்த்த எனக்கு வாய் வரவில்லை. எழுதிவிடு, ராசா. நீ எழுதாவிட்டால் அந்தத் தை வெள்ளிக்கிழமை உன் அப்பா கையோடு என் கையும் அந்த நெருப்பில் போகும். சுடுவதற்கு நான் பயப்படவில்லை, உன் பேரைச் சொல்லி அணைக்க வேண்டியிருக்குமே என்றுதான் பயப்படுகிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற ஆத்தா
சொர்ணவல்லி