அம்மா விட்டுப்போன பை

ஞாயிறு, இரவு

கருவேலங்காட்டுக்குள் இருக்கும் எங்கள் கன்னியர் மடத்துக்கு இன்று அம்மா வந்துபோனாள். வீட்டார் வருடத்துக்கு ஒரு தடவைதான் வரலாம். அவள் கொண்டுவந்த காராச்சேவைப் பந்தியில் எல்லோருக்கும் வைத்தோம். யார் வீட்டிலிருந்து பண்டம் வந்ததோ அவர் கடைசியாக எடுப்பது இங்கே வழக்கம். என் முறைக்குத் தூள்தான் மிஞ்சியது.

கிளம்பும்போது, "சேவு நல்லா இருந்துச்சா தாயி?" என்றாள்.

"இருந்துச்சும்மா. பையை மறந்துட்டீங்களே."

"கெடக்கட்டும். அத வாங்குற சாக்குல சீக்கிரமே ஒருக்கா வாரேன்."

வருடத்துக்கு ஒரு தடவை என்ற விதியை மறுபடி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இங்கே யாருக்கும் சொந்தமாக எதுவும் கிடையாது. அந்தப் பையையும் பொது அலமாரியில் சேர்த்திருக்க வேண்டும். ஆனால் அது நான் தங்கும் குடிசையில் என் தலைமாட்டில் இருக்கிறது. சேவு வாசம் இன்னும் போகவில்லை.

நாளைக்குக் கொடுத்துக்கொள்ளலாம்.