ஏழு படி மரியாதை

பிப்ரவரி 3, திங்கள்

காலை பத்து மணிக்குச் சமையலறையில் விளக்குப் போட வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு கிளைவின் உயிர்வேலி என் கூரையைத் தாண்டிவிட்டது. இன்று சொல்லியே தீர்வது என்று தோட்டத்துக்குப் போனேன்.

"வேலி நல்லா செழிப்பா இருக்கு, இல்ல கிளைவ்?"

"ஆமா ஆட்ரி. செழிப்புதான்."

அப்புறம் மழையைப் பற்றிப் பேசினோம். ஒன்பது வருஷமாக இதே கூத்து.

மாலையில் அக்கா முரியல் போன். "வெட்டுய்யான்னு நேரா சொல்லேன்டி. வாய்ல என்ன கொழுக்கட்டையா? முடியலன்னா வீட்டை வித்துட்டு ஸ்கார்பரோவுக்கு வந்துடு. என் மாடியிலயே ஒரு வீடு காலியாகுது."

பக்கத்து வீட்டுக்காரரிடம் நேராகச் சொல்வதாம்! அதற்கு வீட்டை விற்பது எவ்வளவோ சுலபம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

தேவாலயக் கூடத்தில் என் ஆங்கில வகுப்பு. வெளிநாட்டிலிருந்து இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவர்கள் என் மாணவர்கள். இன்று துணைவினைகள்.

"ஒரு வேலைக்கு எதுக்கு டீச்சர் இத்தனை பேரு?" என்றாள் டோயினா. ருமேனியாக்காரி, முதியோர் இல்லத்தில் வேலை. "கதவைச் சாத்துன்னா சாத்திட்டுப் போறான்."

இந்த நாட்டில் வினைச்சொல் தனியாக வரக்கூடாது, குட், வுட், மைட் என்று நாலு பேர் முன்னால் வந்து கும்பிடு போட்ட பிறகுதான் அது உள்ளே வரலாம் என்றேன். தனியாக வந்தால் சட்டை போடாமல் விருந்துக்கு வந்த மாதிரி.

உதாரணத்துக்கு எனக்கு வேறு என்ன தோன்றும்? வேலிதான். பலகையில் ஏழு படிகளாக எழுதினேன். மேல்படி: 'வேலியைக் கொஞ்சம் வெட்டலாமோ என்று உங்களுக்கு என்றைக்காவது தோன்றக்கூடுமோ என யோசித்துக்கொண்டிருந்தேன்.' படிக்குப் படி துணைவினைகளைக் கழற்றினேன். கீழ்ப்படி: 'வேலியை வெட்டு.' ஆங்கிலேயர் யாரும் மூன்றாம் படிக்குக் கீழே இறங்குவதில்லை என்றும் சொல்லிவைத்தேன்.

கார் கழுவும் இடத்தில் வேலை செய்யும் டெஸ்ஃபாய் கேட்டான்: "அப்போ ஏழாவது படி எப்போ டீச்சர்?"

"வீடு தீப்பிடிச்சா."

டோயினா பென்சிலைக் கடித்தபடி ஏழையும் எழுதிக்கொண்டாள். "யார் வீட்டு வேலி?" என்றாள். கற்பனை வேலி என்றேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

முரியலிடம் 'பார்க்கலாம்' என்றேன். இந்த ஊரில் அதற்கு 'மாட்டேன்' என்று அர்த்தம் என்பது அவளுக்குத் தெரியாதா? வீடு விற்கும் தரகருக்குப் போன் செய்துவிட்டாள்.

பிப்ரவரி 12, புதன்

தரகர் வந்தார். கூரான ஷூ, அதைவிடக் கூரான மூக்கு. சமையலறை வாசலில் நின்று, "இது நிலவறைங்களா?" என்றார். விற்பனைப் பலகை 24-ஆம் தேதி வாசலில் நடப்படுமாம். என் கணவர் ஆலன் கையால் அடித்த அலமாரியை அளந்து, "இதை எடுத்துட்டா நல்லது" என்றார். நானும் தலையாட்டினேன். ஏன் தலையாட்டினேன்?

முப்பது வருஷம் இருந்த வீடு. ஆலன் கண்ணை மூடியதும் இங்கேதான். எனக்குப் போக வேண்டாம். ஸ்கார்பரோவும் வேண்டாம், முரியலின் மாடியும் வேண்டாம் — போக வேண்டாம்! டைரியில் எழுத மட்டும் நன்றாக வருகிறது.

மார்ச் பிறந்தால் பறவைகள் வேலியில் கூடு கட்டும். அப்புறம் ஆகஸ்ட் முடியும்வரை யாரும் கை வைக்க மாட்டார்கள். கேட்பதானால் இந்த மாதம்தான்.

பிப்ரவரி 15, சனி

கேட்கப் போனேன். அவருடைய முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

போன வாரம் வீட்டுப்பாடம் கொடுத்திருந்தேன்: துணைவினை போட்டு நிஜமான ஆள் ஒருவரிடம் ஓர் உதவி கேட்டு வர வேண்டும். டெஸ்ஃபாய் பக்கத்து அறைக்காரனிடம் பாட்டுச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னானாம். அவன் பியர் கொடுத்தானாம், சத்தம் குறையவில்லையாம்.

டோயினா எழுந்தாள். "நான் கற்பனை வேலி வீட்டுக்கே போயிட்டு வந்தேன் டீச்சர்."

எனக்கு உயிரே போய்விட்டது.

"வேலைக்கு உங்க தெரு வழியாத்தானே போறேன். அவ்ளோ பெரிய வேலி வேற எங்க இருக்கு? கதவைத் தட்டி, நோட்டைப் பிரிச்சு முதல் படி படிச்சேன். 'ஓ, அப்படியா'ன்னார். ரெண்டாவது படிச்சேன். 'பார்க்கலாம்'னார். வெட்டுற மாதிரி தெரியல. இறங்கிட்டே போனேன். நாலாவது படியில உள்ள கூப்பிட்டு பிஸ்கட் கொடுத்தார். ரொம்ப நல்ல மனுஷன்! ஆனா பிஸ்கட்டுக்காகப் பாடத்தைப் பாதியில விட முடியுமா? ஏழாவதையும் சொல்லிட்டேன். சத்தமா."

"அவர் என்ன சொன்னார்?"

"யார் அனுப்பினதுன்னு கேட்டார். எங்க டீச்சர்னு பெருமையா சொன்னேன்."

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். விழுங்கவில்லை. அதற்கும் ஏதோ தயக்கம்.

பிப்ரவரி 19, புதன்

வெளியே தலைகாட்டவில்லை. குப்பைத் தொட்டியைக்கூட வைக்கவில்லை. ஸ்கார்பரோவே கதி.

பிப்ரவரி 20, வியாழன்

கதவு தட்டும் சத்தம். கிளைவ். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மன்னிக்கணும் ஆட்ரி."

"ஐயோ, நான்தான் மன்னிப்புக் கேக்கணும்."

"இல்ல இல்ல, நான்தான்."

இப்படியே கொஞ்ச நேரம் போனது. பிறகு அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "அந்த வேலி உங்களுக்கு வேணுமா, வேண்டாமா?"

"அது வந்து... உங்களுக்குப் பிடிச்சிருந்தா..."

"எனக்கா? எனக்கு அதைக் கண்டாலே ஆகாது! ஆலன் தவறிப்போன அந்த வருஷமே வெட்டலாம்னுதான் ஏணியைத் தூக்கிட்டு வந்தேன். நீங்க ஜன்னல் வழியா 'சிரமப்படாதீங்க, அழகாத்தானே இருக்கு'ன்னீங்க. துக்கத்துல இருக்கிறவங்க, யார் கண்ணுலயும் படாம இருக்கணும்னு நினைக்கிறீங்கபோலன்னு விட்டுட்டேன். என் பக்கமும் இருட்டுதான் ஆட்ரி. மலையைப் பார்த்து ஒன்பது வருஷமாச்சு."

சொன்னேன்தான். அவர் முழங்காலை நினைத்துச் சொன்னது.

இவ்வளவு கேட்ட பிறகும் என் வாயில் முதல் படிதான் வந்து நின்றது. விழுங்கினேன். வாசலில் நடப்போகும் பலகையை நினைத்துக்கொண்டேன்.

"வெட்டுங்க கிளைவ்." குரல் கீச்சென்று வந்தது. "குருவி கூடு கட்டுறதுக்குள்ள."

"சரி" என்றார். மழையைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் போனார்.

பிப்ரவரி 22, சனி

வெட்டியாகிவிட்டது. கிளைவ் மேலே, உதவிக்கு வந்த டெஸ்ஃபாய் கீழே, ஏணியைப் பிடித்துக் கத்திக்கொண்டு டோயினா. "இழு! பிடி! தள்ளு! குனி!" ஒரு துணைவினை கிடையாது. தெருவே வேடிக்கை பார்த்தது. அவள் சொன்னபடியெல்லாம் கிளைவ் கேட்டார்.

மூன்று மணிக்கு வெயில் சமையலறைக்குள் வந்தது. முதலில் தெரிந்தது ஒட்டடை. அடுப்புக்குப் பின்னால் இருந்ததைப் பற்றி எழுத மாட்டேன். பிறகு சுவர். மஞ்சள்! ஆலன் கடைசியாக அடித்த வண்ணம். நான் இத்தனை நாளாக அதைச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். துடைப்பத்தைப் பிடித்தபடி உட்கார்ந்து அழுதேன்.

பிப்ரவரி 24, திங்கள்

பலகைக்காரர் வந்தார். "இப்போதைக்கு ஒருவேளை வேண்டாமோன்னு..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் பாதி நட்டுவிட்டார்.

"பிடுங்குங்க" என்றேன். பிடுங்கினார்!

முரியலுக்குப் போன் செய்து "வரமாட்டேன்" என்றேன். "ஒரே வார்த்தையா? உடம்பு கிடம்பு சரியில்லையாடி?" என்றாள்.

மார்ச் 2, ஞாயிறு

கிளைவ் காலையில் பனியனோடு ஜன்னலருகே நின்று உடற்பயிற்சி செய்கிறார். இதைப் பற்றி அவரிடம் சொல்ல இன்னும் ஒன்பது வருஷம் ஆகும்.

மார்ச் 4, செவ்வாய்

வகுப்புக்குப் பாடம் தயாரித்துக்கொண்டிருந்தேன், விளக்குப் போடாமல். கிளைவ் அவர் ஜன்னலைத் திறந்து கத்தினார்: "ஆட்ரி! டீ போட்டாச்சு. வாங்க."

கோட்டைக்கூடத் தேடவில்லை, போனேன். அவர் ஜன்னலிலிருந்து மலை முழுசாகத் தெரிகிறது. மேலே இன்னும் கொஞ்சம் பனி. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

டீ கழுநீர் மாதிரி இருந்தது.

"எப்படி இருக்கு?" என்றார்.

"பிரமாதம்" என்றேன். இன்னொரு கோப்பை ஊற்றிவிட்டார்.