வளையாமல் போனவர்

புதுச்சேரி,
கிரகணத்துக்கு மறுநாள்

ராய்ச்சூரில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

நேற்று உங்கள் அம்மா என்னை அறைக்குள் தள்ளி, சன்னல் இடுக்கிலெல்லாம் புடவையைச் செருகிவிட்டார். “புள்ளத்தாச்சி மேல வெளிச்சம் படக்கூடாது, அசையாம படு!” மூடிய அறையில் இருப்பவருக்கு, தன்னை அழுத்துவது பூமியின் இழுப்பா, அறையே மேலே விரைகிறதா என்று தெரியாது என்பீர்களே! எனக்கு நன்றாகத் தெரிந்தது: அழுத்தியது உங்கள் அம்மா.

கிரகணத்தின்போது, சூரியனை உரசி வரும் நட்சத்திர வெளிச்சம் வளைவதைப் படம்பிடிக்கப் போனீர்கள். பிடித்தாயிற்றா?

விடிந்ததிலிருந்து எனக்கு இடுப்புவலி. உங்கள் அம்மா ரிக்‌ஷா கூப்பிடப் போயிருக்கிறார்.

கனமான பொருளைத் தாண்டும்போது வெளிச்சம்கூடக் கொஞ்சம் அதன் பக்கம் வளையும் என்றீர்கள். ஒன்பது மாதக் கனத்தோடு வாசலில்தான் நின்றேன். நீங்கள் நேராக பஸ்ஸுக்குப் போனீர்கள்.

உங்கள் மனைவி