சூட்டில் மாறிய உயிர்கள்

நேற்றுப் பூசை அலமாரியைத் துடைக்கையில், முருகன் படத்தின் பின்னால் இரண்டு பல்லி முட்டைகள் ஒட்டியிருக்கக் கண்டேன். சுண்ணாம்புத் துளிபோல வெள்ளையாக, ஒன்றையொன்று தொட்டபடி இருந்தன. உன்னோடு பழகுவதற்கு முன்பென்றால் விளக்குமாற்றால் தட்டியிருப்பேன். “தட்டிராதீங்க மைனி. இந்த வீட்டுல நமக்கு முந்தியே குடியிருக்கவுக அவுக” என்று நீ சொல்வது காதருகே கேட்டது. படத்தை மெல்லச் சாய்த்து வைத்துவிட்டு, ஈரத்துணியோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நீ போன பிறகு வரும் முதல் அமாவாசைக்காகத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் பெங்களூருக்குக் கூட்டிப்போக மகன் வந்து கூடத்தில் இருந்தான். வீட்டைப் பூட்டிவிடலாம் என்கிறான்.

உன் அண்ணனைக் கட்டி இந்த வீட்டுக்கு நான் வாழ வந்தபோது நீ கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பெண்கள் பள்ளியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தாய். புட்டிகளில் ஊறிய பாம்பின் வாடை உன் சேலையோடு வரும். குளித்துவிட்டு அடுப்படிக்கு வா என்பேன். “மைனிக்கு ஆசாரத்துல பாதி மூக்குலதான் இருக்கு” என்று போய்க் குளிப்பாய். அந்நாளில் நமக்குள் அவ்வளவுதான் பேச்சு.

பிறகு உன் அண்ணன் பக்கவாதத்தில் விழுந்தார். துறைமுகத்துக்கு ஓடிக்கொண்டே இருந்த மனிதர் கட்டிலோடு கிடந்தார். நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துத்தான் அவரைத் திருப்பிப் போடுவோம். மாடியில் விரிப்புகளைக் காயப்போட்டால் துறைமுகத்து நிலக்கரித் தூசி வந்து படியும். உதறிக்கொண்டே நீ கதை சொல்வாய். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். மீதியெல்லாம் பேப்பரிலும் உன் வாயிலும் படித்ததுதான்.

அப்படி ஒரு மாலையில்தான் அந்தப் பேரழிவைச் சொன்னாய். இருபத்தைந்து கோடி வருடத்துக்கு முன்னால் எரிமலைகள் கக்கிப் பூமி கொதித்ததும், கடல் மூச்சடைத்துப் போனதும், உயிர்களில் பெரும்பகுதி இல்லாமல் போனதும்.

“நம்ம கடல்ல முத்துக் குளிக்கிற பாருல சிப்பி அத்துப்போச்சுல்லா மைனி? முங்கிப் பாத்தா வெறும் மணலும் கல்லும். கடல் பூராவும் தரை பூராவும் அப்பிடின்னு நெனச்சுக்கோங்க.”

வரவுசெலவு எழுதிப் பழகியவள் போனதைவிட மீந்ததைத்தான் முதலில் கேட்பாள். “மிச்சம் என்ன இருந்துச்சு?” என்றேன்.

“கொஞ்சந்தான். அதுல ஓணான் கணக்கா சின்னச் சின்ன ஊர்வனவும் உண்டு. அதுக வழியிலதான் பெறகு முதலை, பல்லி, டைனோசர் எல்லாம் வந்துச்சு. சிலது திரும்பக் கடலுக்கே போயிருச்சு.”

“அம்புட்டும் சாகுறப்போ முருகன் எங்க இருந்தான்?”

நீ கேலி செய்யவில்லை. கட்டிலில் கிடந்த அண்ணனை ஒரு தரம் பார்த்தாய். “எனக்கு எலும்புதான் தெரியும் மைனி. அத நீங்க அவங்கிட்டயே கேளுங்க.” கேட்டேன். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவர் போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், உன் பெரியண்ணன் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். “ஏளா, நீ எங்கூட மெட்ராசுக்கு வந்துரு. அவ மவன்கூடப் போகட்டும். நாத்தனாரும் மைனியும் ஒத்த வீட்டுல ஒரு மாசம் தாங்காது.”

அவர் வாயை மூடவும் சுவரிலிருந்து பல்லி ஒன்று சொன்னது.

“பாத்தியளா, பல்லியே சொல்லிட்டு” என்றார். கூடியிருந்தவர்கள் வழக்கப்படி தரையை விரலால் தட்டினார்கள். நானும் தட்டினேன். பல்லி சொல் பலிக்கும் என்று நம்பியே வளர்ந்தவள் நான், இன்றும் நம்புகிறேன்.

நீதான் அமைதியாக எழுந்தாய். “அண்ணே, பல்லி என்ன சொல்லுதுன்னு நான் பிள்ளையளுக்குப் பாடம் நடத்திருக்கேன். வேற பல்லி கிட்ட வந்தா, இது என் எடம்னு சொல்லும். போன்னு சொல்லாது.”

“அப்பம் பல்லி ஒங் கட்சியாக்கும்” என்று உங்கள் சித்தி சிரித்தார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, உன் பெரியண்ணன் முன்னால் ஒருநாளும் வாய் திறக்காத நான் பேசினேன். “பல்லி சொன்னா பலிக்கும்னுதான் எல்லாரும் தரையத் தட்டுனோம். அது சொன்னபடி நாங்க இங்கனயே இருந்துக்கிடுதோம்.”

மெட்ராஸ் கார் உன்னை ஏற்றிக்கொள்ளாமலே போனது. தெருவில் பேசத்தான் செய்தார்கள். அவன் கண்ணை மூடவும் இரண்டும் ஒட்டிக்கொண்டன என்றார்கள். எனக்கு அழுகை வந்தது. நீ வெங்காயம் உரித்தபடி சொன்னாய்:

“அந்த ஊர்வனவப் பத்தியும் முந்தி இப்பிடித்தான் பேசுனாக. மத்ததுக செத்து எடம் காலியானதுனால மட்டுந்தான் தலையெடுத்துச்சுன்னு. இப்பம் எலும்ப அளந்து பாத்தவுக வேற சொல்லுதாக. அழிவுக்கு வெகு முந்தியே பூமி சூடேறிட்டு. அந்தச் சூட்டுலயே அதுக ஒடம்பு மாறத் தொடங்கிட்டு. அழிவு எடத்தக் குடுத்துச்சு, அம்புட்டுதான். மாத்தம் அதுக்கு முந்தியே வந்தாச்சு.”

அதன்பின் உன் அண்ணன் கிடந்த அந்தக் கட்டிலைப் பற்றி யோசித்தேன். யார் துணையும் இல்லாமல் ஆஸ்பத்திரியில் சீட்டுப் போட்டு டாக்டரிடம் எதிர்க்கேள்வி கேட்க நான் படித்தது அங்கேதான். அடுப்படிப் பக்கம் வராத நீ அவருக்குக் கஞ்சி வடிக்கப் படித்ததும் அங்கேதான். வாடையைச் சொல்லி உன்னை விரட்டுவதை நான் எப்போது நிறுத்தினேன் என்று நினைவில்லை. ஒருநாளில் நின்றிருக்காது.

இப்போது நீயும் இல்லை. காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. வீடு பெரிதாகிவிட்டது. மத்தியானத்தில் உலைக்கு அரிசி அளக்கும்போது இரண்டாம் பிடிக்குக் கை தானாகப் போகிறது. பயம் இல்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். மகன் கேட்டதற்கு, அமாவாசை முடியட்டும் என்று நேற்றுத் தள்ளிப்போட்டேன்.

இன்று காலை காக்கைக்குச் சோறு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அவனும் வந்தான். கைப்பிடிச் சுவரில் உன் அண்ணனுக்கு ஓர் உருண்டை, உனக்கு ஓர் உருண்டை, தள்ளி இன்னொன்று வைத்தேன்.

“இது யாருக்கும்மா?”

“பேர் இல்லாமப் போனதுகளுக்கு.”

புரிந்துகொண்டு சிரித்தான். “அத்தை உங்களக் கெடுத்தே போட்டாக.” பிறகு சிரிப்பு நின்றது. “யம்மா, ஒத்தையில எப்பிடி இருப்பீங்க? இந்த வயசுல இனிமே போயி எல்லாத்தையும் பழகிக்கிட முடியுமா?”

“இனிமே பழக என்னலே இருக்கு? உங்கப்பா கெடந்தப்பவே பழகியாச்சு. அத்தை இருக்கையிலேயே நான் வேற ஆளாயிட்டேன். இப்பம் எடம் காலியாயிருக்கு, அவ்வளவுதான். முடியாத நாளு வந்தா நானே போன் போட்டுச் சொல்லுதேன். அது வரைக்கும் இங்கன இருக்கேன்.”

அவன் போனை எடுத்து, போட்டிருந்த இரண்டு டிக்கெட்டில் ஒன்றை ரத்து செய்தான். தள்ளி நின்றாலும் எனக்குத் தெரிந்தது.

அப்போது காக்கை வந்தது. முதலில் கொத்தியது அந்த மூன்றாவது உருண்டையைத்தான். காக்கையும் அந்த ஊர்வன வம்சந்தான் என்று நீ ஒருநாள் சொல்லியிருக்கிறாய். மீந்ததன் பிள்ளை, போனதுகளின் சோற்றைத் தின்றுகொண்டிருந்தது. நான் கைகூப்பி நின்றேன். யாரைக் கும்பிட்டீர்கள் என்று நீ கேட்டால் முருகனை என்றுதான் சொல்வேன். நீங்கள் எல்லாரும் அந்தப் பேருக்குள் இருந்தீர்கள்.