கை எட்டும் சுவர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே மூன்று பேரும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், அதற்கு மேல் சுகம் என்று எழுதினால் பேனாவே சிரிக்கும். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத்தலையோடு வேலைக்கு ஓடாமல், நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், வேறு யார் வாயாலாவது உனக்கு வந்து சேர்வதற்குள். போன மாதம் ஒரு நாள் பஸ்ஸில் உன் அம்மா ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்தாள். பட்டறையில் பஸ் சீட்டுக்கு வெட்டி மிஞ்சிய ஃபோம் துண்டுகளை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி மேஸ்திரி கொடுத்துவிட்டார், இரண்டு கையிலும் ரெக்சின் மூட்டை, ஃபோமை எங்கே வைப்பது, வயிற்றைச் சுற்றிக் கட்டி மேலே துணியை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறிவிட்டேன். ஒரு ஆள் எழுந்து இடம் கொடுத்துவிட்டு, "எத்தனை மாசம்மா?" என்று கேட்டான். உண்மையைச் சொல்லி நின்றுகொண்டு வர என் முழங்காலுக்கு மனசில்லை. "ஏழு" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். நாற்பத்தொன்பது வயசு. பக்கத்திலிருந்த அம்மாள் என் நரையையும் வயிற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்து, "எப்பக் குடுக்கணும்னு ஆண்டவனுக்குத் தெரியாதா" என்று கையைத் தட்டிக்கொடுத்தாள். உன்னைச் சுமந்தபோது ஒருத்தன்கூட எழுந்திருக்கவில்லை, அந்த ஞாபகத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். வீடு ஒரு அறையும் ஒரு அடுப்படியும், நான் முனகினாலும் உன் தம்பிக்குக் கேட்கும். அதனால் பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். தாளின் பின்பக்கம் கோடுகோடாகத் தெரிந்தால் பயப்படாதே, அது டிரைவர் சீட்டு முதுகின் அளவுப்படம், நாலாம் வகுப்பு படித்தவளுக்கு இந்தத் தாளே அதிகம். எழுத்துப் பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள், உன்னைப் படிக்கவைத்ததே அதற்குத்தான்.

உன் தம்பி நெட்டையன் ஏணியிலிருந்து விழுந்து ஐந்து மாதம் முடிந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை, இனித் தெரியாது என்று பெரிய டாக்டர் எங்கள் இரண்டு பேரிடமும் சொன்னார், நாங்கள் அவனிடம் சொல்லவில்லை, அவனுக்குத் தெரியும். நம் வீட்டை நீ கொஞ்சம் நினைத்துப் பார், கனமானது, தேவைப்படுவது எல்லாமே மேலேதான் இருக்கும், ஆறடி இரண்டு அங்குலத்தில் ஒருத்தனைப் பெற்று வைத்திருக்கும்போது ஸ்டூல் எதற்கு என்று நான்தான் எல்லாவற்றையும் மேலே ஏற்றி வைத்தேன். அவன் படுத்த பிறகு ஒரு டப்பா எடுக்க நான் நாற்காலி போட்டு ஏறுவதை அவன் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பான். அது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கையில் சுண்ணாம்புக்கட்டியைக் கொடுத்து, படுத்தபடியே எவ்வளவு தூரம் எட்டுகிறதோ அவ்வளவு தூரம் சுவரில் கோடு போடுடா என்றேன். போட்டான். முறம் வடிவில் ஒரு அரைவட்டம், அவ்வளவுதான் இனி அவனுடைய வீடு. உன் அப்பா பார்த்துவிட்டு வெளியே போய், தான் ஓட்டுகிற லாரியின் டயரை உதைத்துக்கொண்டிருந்தார், காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்தாராம்.

அந்தக் கோட்டுக்குள் ஒரு வீட்டையே அடக்குவது என்று இறங்கினேன். கையிலிருந்து ஒரு காசு எடுக்கவில்லை, இருக்கிற பொருளை வைத்தே எல்லாம். பஸ் சீட்டு ரெக்சினில் மிஞ்சிய துண்டுகளை ஒட்டுப்போட்டு, ஒரு கதவு அகலத்துக்குத் தொங்கல் ஒன்று தைத்தேன், அதில் பதினான்கு பை. சீப்புக்கு ஒன்று, போனுக்கு ஒன்று, தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் ஃபோம் வைத்து ஒன்று, டார்ச், நகவெட்டி, துண்டு, அவன் பார்க்கிற அந்தப் பழைய கார் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் இடம். அறுந்த சீட்பெல்ட் பட்டையை நாலாக மடித்துத் தைத்து, கட்டிலுக்கு மேலே கம்பியில் பிடி மாதிரி மாட்டினேன், அதைப் பிடித்து அவனே புரண்டு படுக்கலாம். உன் முதலாளியம்மா கொடுத்தார் என்று நீ அனுப்பிய சாக்லேட் டப்பாவின் மூடியில் ரப்பர் ஒட்டி எச்சில் துப்பும் தட்டாக்கினேன், அவரிடம் சொல்லிவிடாதே. ஃபோமை நடுவில் ஓட்டை போட்டு வளையமாக வெட்டி அவன் இடுப்புக்குக் கீழே வைத்துப் பெருமையாக நின்றேன், வாரம் ஒரு தடவை வருகிற ஆஸ்பத்திரி நர்ஸ் பார்த்துவிட்டு, "ஓட்டை போட்டா அதைச் சுத்திதாம்மா புண்ணு வரும், தூக்கிப் போடுங்க" என்று ஒரு வாங்கு வாங்கினாள். சரி என்று அதையே பிரித்துக் குதிகாலுக்கு இரண்டு மெத்தை தைத்தேன். மொத்தத்தில் நான் இல்லாத நேரத்தில் யாரையும் கூப்பிடாமல் எட்டு மணி நேரம் அவனால் இருக்க முடிந்தது. அவ்வளவு திமிர் எனக்கு. தெருவில் போகிறவளையெல்லாம் இழுத்துவந்து சுவரைக் காட்டினேன். மேல்வீட்டுக்காரி, "உனக்குக் கையா மெஷினா" என்றாள். அந்தத் திமிருக்குத்தான் கிடைத்தது.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி. போன மாதக் கடைசியில் தொங்கலைத் துவைக்கலாம் என்று ஒவ்வொரு பையாகக் காலி செய்தேன். கடைசிப் பையின் அடியில் தையல் இரட்டையாக மடிந்திருக்கும், நான் உறுதிக்காகப் போட்ட மடிப்பு. அதற்குள் விரலில் ஏதோ நெருடியது. மாத்திரை. முதுகுவலிக்கும் தூக்கத்துக்கும் இரவில் நான் கையில் கொடுத்து, தண்ணீரும் கொடுத்து, விழுங்கிவிட்டான் என்று நம்பி விளக்கை அணைக்கிற மாத்திரைகள். உள்ளங்கை கொள்ளவில்லை. எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை, பிறகு விளங்கியது, அதற்குப் பிறகு இன்னொன்றும் விளங்கியது, இத்தனை இரவும் அவன் மாத்திரை இல்லாமலே அந்த வலியைத் தின்றிருக்கிறான், காலையில் தலையணை நனைந்திருப்பதைப் பார்த்து மின்விசிறி சரியில்லை என்று அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன் நான். அவன் கையெட்டும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாத மடிப்போடு, நானே தைத்துக் கொடுத்த இடம். அவன் என்னைப் பார்த்தான். "நீதானேம்மா சொல்லுவே, எதையும் வீணாக்காம சேத்து வைக்கணும்னு" என்றான். சிரித்தபடி சொன்னான். எனக்கு வாய் அடைத்துவிட்டது. இருபத்தெட்டு வருஷமாக உன் அப்பாவால் முடியாத காரியம்.

உன்னை உடனே கூப்பிடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. அன்றைக்கே நர்ஸுக்கு போன் செய்தேன், அவள் டாக்டரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். மாத்திரை இனி பூட்டுப்போட்ட டப்பாவில், சாவி என் இடுப்பில், விழுங்கிய பிறகு வாயைத் திறந்து காட்ட வேண்டும், அவனைத் தனியே விடக் கூடாது, வாரம் இரண்டு தடவை பேசுவதற்கு ஒருவர் வருகிறார், ஆஸ்பத்திரியிலிருந்துதான், வந்து பேசாமலும் உட்கார்ந்திருக்கிறார், அதுவும் பேச்சுதானாம். நர்ஸ் என்னைத் தனியாக அழைத்து, "சாகணும்னு தோணுதான்னு நேராவே கேளுங்கம்மா. கேட்டா நெனப்பு வந்துடும்னு பயப்படாதீங்க, அது ஏற்கெனவே வந்தாச்சு" என்றாள். கேட்டேன். அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடுவே, கையில் கரண்டியோடு கேட்டேன், என்னால் கரண்டி இல்லாமல் கேட்க முடியவில்லை. "தோணுதும்மா" என்றான். "தினமுமாடா?" "தினமும் இல்ல. நீ வேலைக்குப் போற அன்னிக்கு." எனக்கு ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும் வேலை.

உன் அப்பா லாரியை விட்டுவிட்டார், ஊருக்குள்ளேயே தண்ணீர் வண்டி ஓட்டுகிறார், சாயங்காலம் நான் வந்ததும் அவர் கிளம்புவார், பகலில் காவல் அவர். அவர் செய்த முதல் வேலை, சுவரைச் சுத்தமாக வழித்தது. பதினான்கு பையும் போனது, நகவெட்டி போனது, ஷேவிங் சாமான் போனது, சீட்பெல்ட் பிடியை அவர் ஒரு பார்வை பார்த்தார், அதுவும் போனது. வெறும் சுவர், நடுவில் அந்தச் சுண்ணாம்புக்கோடு மட்டும். இனித் தண்ணீர் வேண்டும் என்றாலும் கேட்க வேண்டும், புரண்டு படுக்க வேண்டும் என்றாலும் கேட்க வேண்டும். நாலு நாள் கேட்டான். ஐந்தாம் நாளிலிருந்து எதையும் கேட்பதில்லை. ஈ மூக்கில் உட்கார்ந்தால்கூட அப்படியே விட்டுவிடுகிறான். ஒரே பக்கம் கிடந்ததில் வலது இடுப்பில் தோல் சிவந்து, நர்ஸ் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். நான் உன் அப்பாவிடம், நாம் இவனைக் காப்பாற்றி வைக்கிறோமா, பொருளை மாதிரி எடுத்து வைக்கிறோமா என்று சண்டை போட்டேன். அவர், "நீ தச்சுக் குடுத்தது போதும்டி" என்றார். சொன்ன பிறகு அவரே அழுதார். எனக்கு அழ நேரமில்லை, உலை கொதித்துக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு ஏற்பாடு செய்தேன், நர்ஸிடமும் சொல்லிவிட்டுத்தான். ஒரு நாளைக்கு ஒரு பை. தினமும் சாயங்காலம் ஒன்றை மட்டும் திரும்பத் தைத்துச் சுவரில் மாட்டுவேன், இந்தத் தடவை அடியில் மடிப்பில்லாமல், ரெக்சின் ஓரம் வைத்த வலைத்துணியில், உள்ளே என்ன இருக்கிறது என்று தெருவுக்கே தெரிகிற மாதிரி. அதில் என்ன வைப்பது என்று அவன்தான் சொல்ல வேண்டும். முதல் இரண்டு நாள் பை காலியாகத் தொங்கியது. மூன்றாம் நாள் தண்ணீர் என்றான். ஐந்தாம் நாள் சீப்பு. எட்டாம் நாள் என் தையலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கோணலா இருக்கு, ரெக்சின வெட்டத் தெரியாம வெட்டுற" என்றான். இருபத்திரண்டு வருஷமாக வெட்டுகிற கை, தெரியுமா? "நீ வெட்டிக் கிழிச்சிடுவியாக்கும்" என்றேன். "கத்தரிய குடு, பாப்போம்" என்றான்.

எத்தனை நாளாக அவன் வாயிலிருந்து இப்படி ஒன்று வரும் என்று காத்திருந்தேன், வந்தது கத்தரியைக் கேட்டு. கொடுத்தால் என்ன ஆகுமோ, கொடுக்காவிட்டால் இனி எதையுமே கேட்காமல் போவானோ. முனை மழுங்கிய கத்தரி ஒன்று உண்டு, அதைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து பொத்தான் தைத்தேன். ஒரே பொத்தானை ஆறு தடவை தைத்தேன். அரைமணி நேரம் வெட்டினான், நேராகத்தான் வெட்டினான், மிச்சத்துண்டைக்கூட கீழே போடாமல் ஓரமாக அடுக்கினான், அந்தப் புத்தி என் ரத்தம். கத்தரியைத் திருப்பிக் கொடுத்தான். இது முந்தாநாள். இன்று காலையில், பகலிலும் கத்தரி வேண்டும், ஊசி நூலும் வேண்டும், ஒரு பை தைக்கப்போகிறேன் என்றான். உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் கொடுங்கள் என்றேன். அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு, காலைக் கட்டில் விளிம்பில் முட்டுக்கொடுத்து, கண்ணை எடுக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார். நான் இங்கே பட்டறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், சாப்பாட்டு டப்பாவை இன்னும் திறக்கவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், வேலையை விட்டுவிட்டு ஓடிவர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போனில் அவனிடம் அழுவதை நிறுத்து. "ஏதாச்சும் வேணுமாடா தம்பி" என்று நீ கரையும்போது அவன் போனை நெஞ்சின்மேல் கவிழ்த்துவிடுகிறான். முன்பு எப்படிச் சண்டை போடுவாயோ அப்படிப் போடு, அவன் உன் சைக்கிளை விற்றுத் தின்ற கதையை எடு, நெட்டைப் பனைமரம் என்று திட்டு, அந்தப் பேரை அவன் முகத்துக்கு நேரே சொல்ல நாம் எல்லோருமே பயப்படுகிறோம், அது அவனுக்குத் தெரிகிறது. நீயும் உன் அறையைக் கொஞ்சம் ஒழுங்கு செய், நாலு பேர் ஒரு அலமாரி என்றாய், ஷாம்பூ பாட்டிலை சாய்வாக வெட்டி ஆணியில் மாட்டினால் போனும் சார்ஜரும் அதில் உட்காரும், பால் அட்டையை நறுக்கி இழுப்பறைக்குள் தடுப்பு வை, உள்பாவாடையும் சம்பளச் சீட்டும் ஒன்றாகக் கிடக்க வேண்டாம். குதிகால் ஓட்டையான சாக்ஸை எறியாதே, அனுப்பி வை.

நீ நீண்ட ஆயுசோடு, கைகால் சுகத்தோடு, வாய்க்கொழுப்புக் குறையாமல் இருக்க வேண்டும், பெற்றவள் சொல்கிறேன், பலிக்கும். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கூப்பிட மறக்காதே, அழக் கூடாது, சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றுச் சீரழிந்த
அம்மா

இதற்குக் கீழே எழுதுவது மறுநாள். நேற்றுத் தபாலில் போடாமல் வீட்டுக்கு ஓடினேன். உன் தம்பி சொன்னபடியே பை தைத்து முடித்திருந்தான், நல்ல அளவு, நேரான தையல், டிவி ரிமோட்டை வைத்திருக்கிறான். ரெக்சின் தீர்ந்துவிட்டதாம், கைக்கு எட்டிய துணியை எடுத்துக்கொண்டானாம். உன் அப்பாவின் பேண்ட்டில் வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அவர் அதைப் போட்டபடியேதான் காவல் காத்துக்கொண்டிருந்தார், கொஞ்சம் கண் அசந்துவிட்டதாம். வேறு பேண்ட் காயவில்லை. சாயங்காலம் தண்ணீர் வண்டிக்கு அதிலேயே போனார்.