ஒரு பட்டியலில் இரண்டு ஜெரோம்

நவ. 12, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. பள்ளிக்கூடம் லீவு. பத்தாம் வகுப்புத் தமிழ்த்தாள் திருத்த உட்கார்ந்தேன். கப்பல் ஏஜெண்ட் ஆபீசிலிருந்து போன். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போன கப்பல் மொசாம்பிக் பக்கம் மூழ்கிவிட்டதாம்.

அங்கிருந்து வந்த பட்டியல் வாட்ஸ்அப்பில். போர்த்துக்கீசியம். 'ரெஸ்கதாதோஸ்', பத்துப் பேர். 'தெசபரெசிதோ', ஒருவர். போனிலேயே அர்த்தம் பார்த்தேன். மீட்கப்பட்டவர்கள். காணாமல் போனவர்.

இரண்டிலும் ஜெரோம் பெர்னாண்டோ.

மணப்பாட்டிலிருந்து அதே கப்பலுக்கு இரண்டு ஜெரோம் பெர்னாண்டோ போயிருக்கிறார்கள். ஊரில் குழப்பமே கிடையாது. இவர் வாளை வீடு, மெட்டில்டா புருஷன் கடுக்கன் வீடு. பட்டப்பெயரை யார் பாஸ்போர்ட்டில் எழுதுகிறார்கள்? அங்கே லைன் வேறு கிடைக்கவில்லையாம்.

நவ. 13, புதன்

தூறல். டீச்சர் புத்தி, இலக்கணம் பார்க்கிறேன். 'தெசபரெசேர்', மறைவது. 'ஏர்' போய் 'இதோ' வந்தால் முடிந்துபோனது. பெண் என்றால் 'இதா'. பலர் என்றால் 'இதோஸ்'. இங்கே 'இதோ'. ஆண், ஒருவன். அதற்குமேல் சொல்லாதாம். நம் 'காணாமல் போன'வுக்குப் பின்னால் ஒரு பெயர் வந்தே ஆக வேண்டும். இது தனியாகவே நிற்கிறது. எரிச்சல்.

மெட்டில்டா மூன்று தடவை போன். "அங்கன பேசிட்டாங்களாக்கா?" இல்லை என்றேன்.

சிலுவைநாதரிடம் கேட்டேன்: காணாமல் போனது கடுக்கன் வீட்டு ஆளாக இருக்கட்டும். அவளுக்கு ஏழு மாதம். தெரிந்தேதான் கேட்டேன்.

நவ. 14, வியாழன்

வெயில். பத்தரைக்கு ஏஜெண்ட் ஆபீஸ். மெட்டில்டா மணப்பாட்டிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில். லைன் கிடைத்தது. பேசியது கப்பல் சமையல்காரர், மணப்பாட்டு ஆள். ஆபீஸ் அண்ணாச்சி பிறந்த தேதி கேட்கப் போனார். பட்டப்பெயரைக் கேளுங்கள் என்றது நான்தான்.

"கடுக்கன் இங்கன இருக்கான் அண்ணாச்சி. வாளையத்தான் காணல."

மெட்டில்டா அழவில்லை, சிரிக்கவுமில்லை. என் கையை விடவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது, போ என்றேன். போகவில்லை. நேற்று வேண்டிக்கொண்டதைச் சொல்லிவிட்டேன். திட்டட்டும் என்றுதான்.

தலையை நிமிர்த்தவில்லை அவள்.

"நானும் காணாமப் போனது ஒங்க வீட்டாளா இருக்கட்டும்னுதான்க்கா வேண்டினேன்."