சாம்பல் வயலில் இறக்கைக் கலப்பை

அன்பு மகள் ஜெனிக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நான் சுகமாக இருக்கிறேன், முழங்கால் மட்டும் படியேறும்போது முரண்டு பிடிக்கிறது. அடிலெய்டு குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா. போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு வார்த்தை சொல்லிவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். முழுதாகப் படித்துவிட்டுக் கோபப்படு.

ஆன்றோ சித்தப்பா உன்னைப் போனில் கூப்பிட்டு என்னைப் பற்றி, மைனிக்குப் புத்தி பேதலித்துவிட்டது, கடையைப் போட்டுவிட்டு எவனோ ஒருத்தன் வயலில் டிராக்டர் பின்னால் நடக்கிறாள் என்று சொன்னாராம். நடந்தது உண்மை, புத்தி சரியாகத்தான் இருக்கிறது. உன் அப்பா போனபிறகு இந்தத் திருவொற்றியூர் பழைய இரும்புக் கடையை நடத்துகிறவள் நான், சித்தப்பா தராசுப் பக்கம் உட்கார்ந்து உதவி செய்கிறார், அவ்வளவுதான். கோடை மழைக்கு முன்னால் பேசின் பிரிட்ஜ் பக்கம் ஒரு கிடங்கை இடித்த சரக்கு லாரியில் வந்தது. அதில் துருவேறிய பெரிய உருப்படி ஒன்று. கப்பல் நங்கூரம் என்று சித்தப்பா முடிவு கட்டி, கேஸ் கட்டரைப் பற்றவைக்கச் சொல்லிவிட்டார். நான் நிறுத்தச் சொல்லிவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தேன். சங்கு மாதிரி முறுகி வளைந்த இரண்டு தகடுகள், ஒன்றுக்குப் பின்னால் ஒன்று சற்று விலகி நிற்கின்றன. முன்பக்கத்தைச் செங்கல்லால் தேய்த்தால் துருவுக்கு அடியில் கண்ணாடி போல் வழவழப்பு, மண் வருஷக்கணக்காக உரசினால்தான் இரும்புக்கு அப்படி வரும். மேலே பார்த்தால் டிராக்டரில் மாட்டும் மூன்று முளைகள். கம்பெனித் தகடு விழுந்துவிட்டது, ஆனால் கிரீஸைச் சுரண்டியதும் வார்ப்பிலேயே ஒரு எண் தெரிந்தது. உனக்குப் படம் அனுப்பினேனே, நீ அந்த எண்ணைத் தேடிப் பார்த்து, அம்மா அது கலப்பை, இங்கே பண்ணை வாசலில் பூந்தொட்டிக்குப் பக்கத்தில் அழகுக்கு வைப்பார்கள் என்று எழுதினாய். அழகுக்கு வைக்க என் கடையில் இடம் இல்லை.

அந்த வாரம் நீலமேகம் என்றொருவர் மோட்டாருக்குப் பைப்பு தேடி வந்தார். அத்திப்பட்டுக்கு அந்தண்டை நிலம் வைத்திருக்கிறார். ஒரு பெருமழையில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் குட்டையின் கரை உடைந்து அவர் வயல் முழுக்க நாலு விரல் உயரத்துக்குச் சாம்பல் படிந்துவிட்டது. கன்டெய்னர் நிறுத்த நிலம் தேடும் புரோக்கர் ஒருவன், இனிமேல் இதில் புல்கூட முளைக்காது, கொடுத்துவிடு என்று விடாமல் வந்து நச்சரிக்கிறான். நீலமேகம் அந்த இரும்பைப் பார்த்ததும் குந்தி உட்கார்ந்துவிட்டார். “இது இறக்கைக் கலப்பைக்கா. ரோட்டவேட்டர் போட்டா சாம்பலு மண்ணோட கலந்துகினு பூடுது. இது அடி மண்ண மேல பொரட்டிப் போட்டு சாம்பல கீழ பொதச்சிடும். வெட்டிடாதக்கா” என்றார். சித்தப்பாவுக்குக் கோபம், கட்டரை மறுபடி பற்றவைக்கச் சொல்லிவிட்டு, “இரும்பப் பாருங்க மைனி, ஊரான் வயல எதுக்குப் பாக்கிய” என்றார். நான் கலப்பையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். கட்டர் பிடித்திருந்த பையனிடம், வெட்டுவதானால் என்னையும் சேர்த்து வெட்டு என்றேன். கட்டர் அணைந்தது.

எம்.கே.பி. நகர் சௌக்கத் அலியை உனக்கு நினைவிருக்கும், அப்பாவின் தோஸ்து, டிராக்டர் மெக்கானிக். அவரை அழைத்துக்கொண்டு கலப்பையோடு நீலமேகத்தின் வயலுக்குப் போனேன். முதல் நாள் மானம் போயிற்று. நீலமேகம் டிராக்டரை ஓட்ட, கலப்பை மண்ணில் இறங்கவே இல்லை, மேலேயே சறுக்கிக்கொண்டு போனது. வரப்பில் நின்ற புரோக்கர், “இன்னாம்மா, காயலாங்கட சாமான இட்டாந்து ஊர்வலம் வுட்றியா” என்று சிரித்தான். நான் திரும்பிப் போகவில்லை. சௌக்கத் கலப்பையைக் கவிழ்த்து, மண்ணைக் கிழிக்கிற கொழுவின் நுனிக்கும் அதன் பின்பக்கக் குதிக்கும் ஒரு நேர்க்கம்பியை வைத்துப் பார்த்தார். நடுவில் வெளிச்சம் தெரிய வேண்டுமாம், தெரியவில்லை. “மூக்கு தேஞ்சிபோச்சிக்கா, மண்ணக் கடிக்கப் பல்லு இல்ல” என்றார். கடைக்குக் கொண்டுவந்து லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்து, கீழ்நோக்கிய நுனியாக வெல்டிங் வைத்தோம். களிமண் ஒட்டாமல் வழுக்க வேண்டுமென்று இறக்கைகளை நானே கிரைண்டரில் பளபளவென்று தேய்த்தேன், சித்தப்பா பார்த்துக்கொண்டே இருந்தார், கை கொடுக்கவில்லை.

மறுபடி போனோம். இந்தத் தடவை கடித்தது, ஆனால் முன் கொழு ஆழத்திலும் பின் கொழு மேலேயும் ஓடின. கலப்பையை டிராக்டரோடு மேலே இணைக்கும் நடு ராடை நீட்டியதும் இரண்டும் சமமாயின. அப்புறம் டிராக்டரின் வலது சக்கரம் உழுத சாலுக்குள் இறங்கியதும் கலப்பையும் சேர்ந்து சாய்ந்தது, கலப்பையைத் தூக்கும் வலது பக்க இரும்புக் கையைச் சுருட்டி ஏற்றி மட்டப்படுத்தினோம். அதற்குப் பிறகு பார்க்க வேண்டும் ஜெனி. கறுப்புக் களிமண் பாளம் பாளமாகப் புரண்டு விழுந்தது, சாம்பல் அடியில் போய் மறைந்தது. நீலமேகம் வண்டியை நிறுத்தி இறங்கி ஒரு கட்டியை எடுத்து உடைத்து முகர்ந்தார். பிறகு வரப்புக்குப் போய் அந்தப் புரோக்கரிடம், “இன்னொரு தபா இந்தாண்ட வராத. நெலத்தக் குடுக்கறதா இல்ல” என்று சொன்னார், குரலை உயர்த்தாமல்.

எல்லாம் நேராகிவிட்டது என்று பொய் எழுத மாட்டேன். வாய்க்கால் ஓரத்து மூலையில் சாம்பல் முழங்கால் ஆழம், எந்தக் கலப்பைக்கும் எட்டாது, அது வெளுத்தபடியேதான் கிடக்கிறது. மற்ற இடத்தில் பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்தார். முளைத்து நிற்கிறது, பச்சையாக. மீஞ்சூர்ப் பக்கமிருந்து இன்னும் இருவர் கலப்பை கேட்டு வந்தார்கள். இப்போது எந்தச் சரக்கையும் நான் பார்க்காமல் வெட்டுவதில்லை.

கடையை விற்றுவிட்டு உன்னோடு வந்து உட்காரச் சொல்கிறாய். உன் பாசம் எனக்குத் தெரியும். ஆனால் என் கால் நடக்கிறவரை என்னை யாரும் ஓரமாக உட்காரவைக்க முடியாது, நீயும் சரி, சித்தப்பாவும் சரி. கடையைக் கேட்டு அவர் அழைத்துவந்த ஆளிடம் விற்பதாக இல்லை என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டேன். அடிலெய்டுக்கு வருவேன், விருந்தாளியாக வருவேன், திரும்பிப் போகிற டிக்கெட்டோடு வருவேன்.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடு, காப்பி குடித்துவிட்டுப் போடாதே. மாப்பிள்ளையிடம் சண்டை போட்டால் அன்றைக்கே முடித்துவிடு. ஆண்டவர் உங்கள் இருவரையும் தம் கையில் வைத்துக் காக்கட்டும். வெளியே சௌக்கத் ஹாரன் அடிக்கிறார், மீஞ்சூருக்குக் கிளம்ப வேண்டும், களிமண் காய்ந்துவிட்டால் கொழு இறங்காது. நான் போகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஞா. தங்கபுஷ்பம்
திருவொற்றியூர்